மூடாது விட்ட வயிறு

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தரல்வேண்டும் என்று மலர்க்குழுச் செயலாளர் எழுதியிருந்தார். கல்லூரித் தாயின் பெருமையை எடுத்துரைக்க என்னினும் வல்லார் பலர் உளர். அவர்கள் இம்மலரிலேயே எழுதியும் இருப்பர். கத்தியும் ஊசியும் பிடித்து முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்டவனிடம் இருப்பது அத்தொழிலின் செய்தி ஒன்றே. ஆகவே அதனையே எழுதத் துணிந்தேன். செய்தி சற்றுக் கடுமையானது. உணவு வேளையில் இம்மலரைப் புரட்டுவோர் இப்பக்கத்தைப் பின்னர்ப் படிப்பது நன்று.

உயர்தர வகுப்பில் எமக்கு விலங்கியல் கற்பித்த ஆசிரியரைப் பழைய மாணவர் பலர் நினைவிற் கொண்டிருப்பர். தேரையை மல்லாத்தி மெழுகுத் தட்டில் ஊசி குத்தி, வயிற்றைப் பிளந்து, ஈரலையும் குடலையும் படமாக வரைந்து முடித்தபின் நாங்கள் கைகழுவ ஓடுவோம். அவர் விடமாட்டார். தையல் நூலும் ஊசியும் தந்து, அச்சிற்றுயிரின் வயிற்றைத் தைத்து மூடிய பின்னரே எழும்பவேண்டும் என்பார். செத்த தேரைக்குத் தையல் எதற்கு என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான். "தேரைக்கன்று, உனக்கு" என்றார் ஆசிரியர். திறந்ததை மூடாது போதல் ஒழுக்கக்கேடு என்னும் எண்ணம் எம்முள் அன்றே ஊன்றிவிட்டது. பேராதனையில் மருத்துவம் கற்ற காலத்திலும் அவ்வெண்ணத்தை எவரும் அசைக்கவில்லை. 1962இல் தொடங்கிய அம்மருத்துவ பீடத்தில் எமக்குக் கற்பித்த பெருமக்கள் யாவரும் வயிற்றை அழகாக மூடுபவனையே நல்ல சத்திரவைத்தியன் என்று மதித்தனர்.

அந்த எண்ணம் ஓர் உயிரைக் கொண்டுபோனதை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

1994ஆம் ஆண்டு. யான் பட்டம் பெற்று ஈராண்டு நிறையாத இளைஞன். கண்டிக்கு வெளியே, வேறொரு மாவட்டத்து வைத்தியசாலையிற் கடமை. ஊரின் பெயரும் வைத்தியசாலையின் பெயரும் இங்கு வேண்டா. மரம் ஏற்றிய லொறி கவிழ்ந்து, அதன்மீது இருந்து வந்த நடுவயதினர் ஒருவர் நள்ளிரவிற் கொண்டுவரப்பட்டார். மண்ணீரல் சிதைந்திருந்தது, குடலைத் தாங்கும் மடிப்பு கிழிந்திருந்தது. வயிறு நிறைய இரத்தம். எம் மூத்தவர் விரைந்து மண்ணீரலை அகற்றினார்; குருதி கசியும் இடங்களைப் பஞ்சுத் துணிகளால் அழுத்தி அடைத்தார். மேலும் தாமதித்தால் ஆள் மேசையிலேயே போய்விடுவார் என்று உணர்ந்து, அத்துடன் நிறுத்தினார். இதுவரையும் சரியே. அடுத்து வந்தது மூடும் வேலை. குடல் வீங்கி, ஈரமான நுரைபோலப் பொங்கி, விளிம்பைத் தாண்டி எழுந்தது. நான் இரு கைகளாலும் வயிற்றுச் சுவரின் இரு பக்கங்களையும் இழுத்துப் பிடித்தேன். அவர் தடித்த நைலோன் நூலால் ஒவ்வொரு முடிச்சாக இறுக்கினார். தாதி ஒருவர் குடலை உலோகக் கரண்டியால் உள்ளே அமுக்கினார். கடைசி முடிச்சு விழுந்தபோது எனக்கு ஒரு நிறைவு உண்டானது, உண்மையை மறைப்பதற்கில்லை.

விடியும்வரை அவரருகே இருந்தேன். மணிக்கொருமுறை சிறுநீரின் அளவைக் குறித்தேன். முதல் மணியில் 40 மில்லிலீற்றர், பின்னர் 20, பின்னர் 5, அதன்பின் குழாய் வறண்டது. இரத்தம் போதாமையே காரணம் என்று எண்ணி இரத்தமும் சேலைனும் மேலும் ஏற்றினேன். ஏற்ற ஏற்ற வயிறு மத்தளம் போல் விறைத்தது. சுவாசப் பொறி காற்றை உள்ளே தள்ளத் திணறியது. நான் ஊற்றிய நீர் ஒவ்வொரு துளியும் குடலை மேலும் வீங்கச் செய்தது என்பதை அறியாமல், நோயைத் தீர்ப்பதாக எண்ணி நோயை வளர்த்தேன். மறுநாள் மாலை அவர் இறந்தார். இறப்புச் சான்றிதழிற் குருதிப்பெருக்கு என்று எழுதினோம். எழுதியது பொய்யன்று, ஆயினும் முழு உண்மையுமன்று.

எம் மூத்தவரைக் குறைகூற இதனை எழுதவில்லை. அவர் செய்தது அக்காலத்துப் பெரியோர் வகுத்த வழியே. 1983இல் ஹார்லன் ஸ்டோன் என்னும் அமெரிக்கச் சத்திரவைத்தியரும் அவர் தோழரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அறுவையின் நடுவிலேயே இரத்தம் உறையாத நிலைக்குச் சென்ற 31 பேரைப்பற்றியது அது. அவர்களுள் 14 பேருக்கு வழக்கப்படி எல்லா வேலையையும் செய்து முடித்தார்கள், பிழைத்தவர் ஒருவரே. மற்றை 17 பேருக்குத் துணியடைத்து, இடையிலே நிறுத்தி, இரத்தம் உறையும் தன்மை மீண்டபின் திரும்ப வந்து வேலையை முடித்தார்கள். பிழைத்தவர் 11 பேர். அறுவைத் தொழிலின் போக்கையே மாற்றிய கணக்கு இது. எனினும் அவர்களும் வயிற்றை இறுக்கியே மூடினர். இறுக்கம் உள்ளே கசியும் இரத்தத்தை அமுக்கி நிறுத்தும் என்பது கருத்து. நிறுத்தலாம் என்ற பாடம் எம்மை எட்டியிருந்தது. மூடாது விடலாம் என்ற மறுபாதி எட்டவில்லை.

மாணவர்களுக்காக இங்குச் சிறிது விளக்கவேண்டும். கடுங்காயப்பட்டவனை மூன்று பகைவர் சேர்ந்து கொல்வர். முதலாவது குளிர். இரத்தம் இழந்து, மழையில் நனைந்து, திறந்த வயிற்றோடு மேசையிற் கிடப்பவனின் உடல் வெப்பம் 35 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கிவிடும். இரண்டாவது, உயிர்வாயு போதாமையால் இரத்தத்தில் அமிலம் மிகுதல். மூன்றாவது, இவ்விரண்டின் விளைவாக இரத்தம் உறையும் ஆற்றலை இழத்தல். உறையாமையால் மேலும் இரத்தப்போக்கு, அதனால் மேலும் குளிர், மேலும் அமிலம். செக்குமாடு போல் இது சுற்றிச் சுற்றி வரும். இச்சுழலிற் சிக்கியவனுக்கு நான்கு மணிநேரம் நின்று நுட்பமான தையல் வேலை செய்தல், எரிகின்ற வீட்டுக்குச் சுண்ணம் பூசுவதையொக்கும். ஆகவே இரத்தத்தை நிறுத்து, மலம் கசிவதை நிறுத்து, வெளியே வா என்பது புதுநெறி. 1993இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ரொட்டொண்டோவும் அவர் குழுவினரும் இதற்குக் கடற்படையிலிருந்து ஒரு பெயரை எடுத்து வழங்கினர். அடிபட்ட கப்பலை நடுக்கடலில் முற்றாகச் செப்பனிட எவரும் முயலார். ஓட்டையை அடைத்து, மிதக்க வைத்து, துறைமுகம் சேர்ப்பர். சேதக் கட்டுப்பாடு என்பது அப்பெயரின் பொருள்.

நிற்க. கப்பலை மிதக்க வைத்தாயிற்று. வயிற்றை என் செய்வது? அதிர்ச்சியும் ஏற்றிய திரவமும் குடலை வீங்கச் செய்கின்றன. வயிறோ தோலும் தசையும் நாரும் சூழ்ந்த ஓர் அறை. ஓரளவுக்கு மேல் விரியாது. உள்ளே அழுத்தம் ஏறினால் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தம் நசுங்கும். பிரிமென்றகடு மேலே தள்ளப்பட்டு நுரையீரல் ஒடுங்கும். இதயத்துக்கு இரத்தம் திரும்பாது. இவ்வழுத்தத்தை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. சிறுநீர்ப்பையில் இட்ட குழாயில் சிறிது சேலைன் செலுத்தி, குழாயை உயர்த்திப் பிடித்து, நீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அடிமட்டத்தால் அளந்தாற் போதும். இரசம் 20 மில்லிமீற்றர், அதாவது நீர் ஏறத்தாழ 27 சென்ரிமீற்றர் என்னும் அளவைத் தாண்டி நின்று, அதனோடு ஓர் உறுப்பும் தொழிலிழக்குமாயின் ஆபத்து. சிறுநீர்ப்பையின்வழி அளக்கும் இம்முறையைக் கொண்டு, எப்போது வயிற்றை மீளத் திறக்கவேண்டும் என்று முடிவு செய்யலாம் என வேர்ஜீனியாவைச் சேர்ந்த குரோன் என்பாரும் தோழரும் 1984இலேயே எழுதிவிட்டனர். அதற்குப் பத்து ஆண்டு கழித்து, ஒரு குழாயும் ஓர் அடிமட்டமும் கையெட்டும் தூரத்தில் இருக்க, நான் வெறும் சிறுநீர்க் கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன்.

வியப்பாவது, அதே 1984ஆம் ஆண்டிலே கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், சான் ஹுவான் டி டியோஸ் வைத்தியசாலையில், பயிற்சி நிலையிலிருந்த ஓர் இளம் வைத்தியருக்கு மூடமுடியாத வயிறு ஒன்று வாய்த்தது. ஒஸ்வால்டோ பொராயெஸ் என்பது அவர் பெயர். அவர் வலிந்து மூடவில்லை. வெறுமையான சேலைன் பை ஒன்றை வெட்டி விரித்து, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் அப்பிளாஸ்டிக் தாளைக் குடலின்மேல் வைத்து, சுற்றிவர விளிம்பிலே தைத்துவிட்டார். பின்னாளில் அங்குச் சென்று பார்த்த அமெரிக்கர் அதற்குப் பொகோட்டாப் பை என்று பெயரிட, அப்பெயர் உலகெங்கும் பரவியது. வறிய வைத்தியசாலையின் குப்பைக்கூடையிலிருந்து செல்வ நாடுகளின் பாடநூலுக்குச் சென்ற பொருள்கள் மிகச் சிலவே. அவற்றுள் இதுவும் ஒன்று. ஆயினும் கருத்து முற்றும் புதியதன்று. 1940இலேயே ஒகில்வி என்னும் ஆங்கிலேயச் சத்திரவைத்தியர், போர்க்காயத்தால் வயிற்றுச்சுவரை இழந்தவர்களுக்கு, வசிலீனில் ஊறவைத்துக் கிருமிநீக்கிய முரட்டுத் துணியைத் தைத்து மறைக்கலாம் என்று லான்செற் இதழில் எழுதினார். எழுதியதை உலகம் நாற்பது ஆண்டுக்கு மேலாக ஏறக்குறைய மறந்துவிட்டது.

இனிக் கண்டிக்கு வருவோம். நம் நகரம் மலைகளின் மடியிற் கிடப்பது. கொழும்பிலிருந்து வருவோர் கடுகண்ணாவை ஏற்றத்தையும், நுவரெலியாவிலிருந்து இறங்குவோர் றம்பொடை வளைவுகளையும், மகியங்கனையிலிருந்து வருவோர் பதினெட்டு வளைவையும் கடந்தே நகரை அடைவர். பார்ப்பதற்கு எழில், ஓட்டுவதற்கு இடர். 2025 மே 11ஆம் நாள் கொத்மலைப் பகுதியில் கெரண்டி எல்ல என்னுமிடத்தில், கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற பஸ் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டதை யாவரும் அறிவர். பெருவிபத்துகளே பத்திரிகையில் வரும். ஒரு முச்சக்கரவண்டி, ஒரு மோட்டார் சைக்கிள் என்று நாள்தோறும் வரும் சிறுவிபத்துகளுக்கு வைத்தியசாலைப் பதிவேடே சாட்சி. இன்று தேசிய வைத்தியசாலை எனப் பெயர்பெற்றிருப்பினும், நம்மவர் நாவிற் பெரியாஸ்பத்திரியாகவே வாழும் அவ்விடத்துக்கு மத்திய மலைநாடெங்குமிருந்து காயப்பட்டோர் வந்துசேர்வர்.

2003ஆம் ஆண்டின் மழைக்கால இரவொன்றில் அங்கு ஓர் இளைஞன் கொண்டுவரப்பட்டான். கலஹாப் பக்கத்துத் தோட்டம். வயது இருபது இருக்கும். முச்சக்கரவண்டியும் பஸ்ஸும் மோதியதில் கம்பி வயிற்றை இடித்திருந்தது. அப்போது நான் மேற்பயிற்சி பெறும் நிலையில் இருந்தேன். என் தலைவர் சிங்களப் பெரியவர். சொல் சுருக்கம், கை விரைவு. வயிற்றைத் திறந்தோம். ஈரலின் வலப்பக்கம் பிளந்திருந்தது. சிறுகுடல் ஈரிடத்திற் கிழிந்திருந்தது. அவர் ஈரலைச் சுற்றித் துணியடைத்தார். கிழிந்த குடலின் இருமுனைகளையும் இணைக்காமல் நாடாவாற் கட்டிவிட்டார். மயக்கமருந்து வைத்தியர், "34 பாகை" என்றார். தலைவர் கையுறையைக் கழற்றத் தொடங்கினார். நாற்பது நிமிடமும் ஆகவில்லை. குடல் இணைக்கப்படவில்லை, வயிறு மூடப்படவில்லை. எனக்கோ 1994இல் பிடித்த இரு விளிம்புகளும் கையில் இருப்பதுபோல் ஓர் உணர்வு. "மூடுவோமா, சேர்?" என்று என் வாய் கேட்டுவிட்டது. அவர் என்னைப் பாராமலே, "யாருக்காக?" என்றார்.

பின்னர் கிருமிநீக்கி வைத்திருந்த பெரிய சேலைன் பையை வாங்கி, ஓரங்களை வெட்டி விரித்து, என்னிடமே தந்தார். குடலின்மேல் அதனைப் பரப்பி, தோலின் விளிம்போடு நைலோன் நூலால் தொடர் தையலாகத் தைத்தேன். கால்மணி நேர வேலை. தைத்து முடிந்தபின் பார்த்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தாற்போல் குடல் தெரிந்தது. அதிலும் ஒரு நன்மையுண்டு: குடலின் நிறம் கருகினாலோ, இரத்தம் தேங்கினாலோ, தாதி கட்டை அவிழ்க்காமலே காண்பார். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசென்று சிறுநீர்ப்பையின் அழுத்தம் அளந்தேன். இரசம் 14 மில்லிமீற்றர். சூடாக்கிய காற்றும் இரத்தமும் கொடுத்தோம். விடியற்காலை நான்கு மணிக்குச் சிறுநீர்க்குழாயில் தெளிந்த மஞ்சள்நீர் சொட்டுச் சொட்டாக விழுவதைக் கண்டேன். பிறருக்கு அருவருப்பாகத் தோன்றும் அக்காட்சியை நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று சொன்னால் நகைப்பீர்கள்.

காலையில் முதல் பஸ்ஸிலே தகப்பனார் வந்தார். கம்பளியைத் தோளிற் போட்டிருந்தார்; கையில் ஒரு துணிப்பை. வாசலில் நின்ற சிற்றூழியர் ஒருவர் தம்மாலியன்ற தமிழில், "வயிறு தைக்கல்ல, தெறந்துதான் இருக்கு" என்று சொல்லிவிட்டார். கட்டில் தலைப்பக்கம் தொங்கிய அட்டையில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததும் அதுவே; பிழையேதும் இல்லை. ஆனால் நம் மக்களிடையே, "திறந்து பார்த்தார்கள், மூடிவிட்டார்கள்" என்றாலே கைவிட்டார்கள் என்று பொருள். மூடவே இல்லை என்றால்? அவர் என்னிடம் வந்து, மெல்லிய குரலில், "ஐயா, புள்ளைய வீட்டுக்குக் கொண்டுபோக வேன் பேசணுங்களா?" என்று கேட்டார். பிணத்தைக் கொண்டுபோக வண்டி அமர்த்துவதா என்பதே அக்கேள்வி.

மருத்துவக் கல்வி முழுவதையும் ஆங்கிலத்திற் பெற்றவன் நான். அவ்வேளையில் என் நாவுக்கு ஒரு சொல்லும் வரவில்லை. மானிப்பாயிலிருந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, 1867இல் அறுவைத் தொழிலுக்கென்று இரண வைத்தியம் என்னும் நூலையும் வெளியிட்டார். அந்நிய நாட்டார் ஒருவர் நூற்று முப்பது ஆண்டுக்கு முன் செய்த முயற்சியின் பயன் ஏதும் இன்றி, தாய்மொழி பேசும் ஒரு தந்தையின்முன் ஊமையாக நின்றேன். "இல்லை ஐயா, இல்லை, உயிர் இருக்கிறது, வண்டி வேண்டாம்" என்று மட்டும் முதலிற் சொன்னேன். பிறகு அவரை வாங்கில் இருத்தி, நானும் அருகில் இருந்து, குடல் வீங்கியிருக்கிறது, இப்போது இறுக்கித் தைத்தால் உள்ளே நெரிபடும், வீக்கம் வற்றியபின் தைப்போம், அதுவரை பிளாஸ்டிக்கால் மூடி வைத்திருக்கிறோம் என்று திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பின்பு, "மழைக்கு ஊறுன கதவு மாதிரிங்களா?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவரே விளக்கினார். தோட்டத்து லயத்தில் பலகைக் கதவு மாரியில் ஊறிப் பருத்துவிடும், நிலைக்குள் அடங்காது. உதைத்துச் சாத்தினாற் பிணைச்சல் கழன்று நிலையும் பிளக்கும். விவரம் தெரிந்தவர்கள் சாக்குப் படங்கைத் தொங்கவிட்டு, வெயில் வரும்வரை பொறுத்திருப்பார்கள். "அப்படித்தான், ஐயா" என்றேன். அதனினும் செவ்விய விளக்கத்தை எந்நூலிலும் நான் பின்னர்க் கண்டதில்லை.

மகனைப் பார்க்கவேண்டும் என்றார். அழைத்துச் சென்றேன். போர்வையை விலக்கிக் காட்டுவதா என்று தயங்கினேன். அவரே காட்டச் சொன்னார். பிளாஸ்டிக்கின் கீழே குடல் மெல்ல நெளிந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்துவிட்டு, "அசையுது" என்றார். வெளியே வந்து வாங்கில் இருந்து அழுதார்.

இனி நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஏறத்தாழ நாற்பது மணிநேரத்தின்பின், உடல் சூடேறி இரத்தம் உறையத் தொடங்கியதும், மீண்டும் மேசைக்கு எடுத்தோம். துணிகளை நீரில் நனைத்து நனைத்து ஈரலிலிருந்து பிரித்தார் தலைவர், இரத்தம் வரவில்லை. குடலின் முனைகளை ஆறுதலாக இணைத்தார். விளிம்புகளுக்கிடையே இன்னும் நான்கு விரல் இடைவெளி. இம்முறை வேறு வகையாக மறைத்தோம். துளையிட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாளை வயிற்றுச்சுவரின் உட்புறமாகக் குடலின்மேல் விரித்து, அதன்மேல் ஈரத்துணி, அதனுள் இரு குழாய்கள், எல்லாவற்றுக்கும் மேலே ஒட்டும் தாள்; குழாய்களைச் சுவரிலுள்ள உறிஞ்சியோடு பொருத்தினோம். இம்முறையை அமெரிக்காவில் டென்னசி மாநிலத்துப் பார்க்கரும் தோழரும் 1995இல் வெளியிட்டனர். சேலைன் பை குடலைக் காக்குமேயன்றி, வயிற்றில் ஊறும் நீரை வெளியேற்றாது, படுக்கையெல்லாம் நனையும். விளிம்புகளும் நாளுக்கு நாள் விலகிப்போகும். உறிஞ்சி அந்நீரை அளந்து எடுக்கும்; விளிம்புகளை ஒன்றையொன்று நோக்கியும் இழுக்கும்.

இரண்டு நாளைக்கொருமுறை திறந்து, கழுவி, சிறிது சிறிதாக நெருக்கினோம். மூடாது வைத்திருத்தல் என்றால் மறந்து விடுதல் என்று எவரும் கருதவேண்டா. மூடிய வயிற்றினும் இதற்கே வேலை அதிகம். திறந்த வயிறு நாள்தோறும் நீரையும் புரதத்தையும் இழக்கும். அதனை ஈடுசெய்ய மூக்குக் குழாய்வழி உணவூட்டவேண்டும். ஒரு வாரம் கடந்தாற் குடல் சுவரோடு ஒட்டத் தொடங்கும். அதனினும் கொடியது, காற்றுப்பட்டு உலர்ந்த குடலில் தானே துளை விழுந்து மலம் புண்ணிற் பாய்தல். அப்படி ஒன்றை ஒருமுறை கண்டவன், துணி மாற்றும் ஒவ்வொரு முறையும் மூச்சடக்கியே பிரிப்பான். தகப்பனார் நாள்தோறும் கலஹாவிலிருந்து வந்து ஒரே கேள்வியைக் கேட்பார்: "இன்னைக்கு எத்தனை விரலு?" நான்கு விரல், மூன்று விரல், இரண்டு என்று நானும் சொல்வேன். வேலைக்குப் போகாத நாளுக்குத் தோட்டத்தில் பேர் விழாது, சம்பளமும் இல்லை என்பதை மிகப் பிந்தியே அறிந்தேன். அறிந்தபின், ஒரு நாள்விட்டு ஒரு நாள் வந்தாற் போதும் என்று சொல்லியும் அவர் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் வயிற்றுச்சுவரின் வலிய நார்ப்படையின் இருபக்கமும் இழுக்காமலே வந்து பொருந்தின. தலைவர் ஊசியை என்னிடம் தந்துவிட்டு, எதிர்ப்பக்கம் நின்றார். தைத்து முடித்ததும் அழுத்தத்தை அளக்கச் சொன்னார், 10. அவ்வளவுதான், அடுத்த நோயாளியிடம் போய்விட்டார்.

பையன் ஏறத்தாழ ஐந்து வாரத்தில் வீடு சென்றான். அடுத்த ஆண்டு தையலின் கீழ்முனையிற் சிறு குடலிறக்கம் கண்டு மீண்டும் வந்தான், அதனையும் சீர்செய்தோம். எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. சிலருடைய வயிறு ஒருபோதும் ஒன்பதாம் நாளுக்குள் இணங்காது; புண்ணின்மேல் தோலை ஒட்டவைத்து, பெருங்குடலிறக்கத்தோடு வீட்டுக்கு அனுப்பி, ஆறு மாதமோ ஓராண்டோ கழித்துச் சுவரைக் கட்டவேண்டியிருக்கும். மூடாது விட்டும் இறந்தவர்களை நான் அறிவேன். மூடக்கூடிய வயிற்றைப் புதுமை மோகத்தால் திறந்துவைத்துக் கெடுத்த கதைகளும் உண்டு. அமைதியாக மூடக்கூடியதை மூடிவிடுவதே முறை. தேரைக்குத் தையல் போடச் சொன்ன ஆசிரியர் அவ்வளவிற் சரியாகவே கற்பித்தார்.

இந்நாளில் நுரைப்பஞ்சும் மின்னுறிஞ்சியும் சேர்ந்த ஆயத்தப் பொதிகள் விற்பனைக்கு வந்துள்ளன. நல்லவையே, விலைதான் மலைக்க வைக்கும். சேலைன் பையை நான் இன்னும் கைவிடவில்லை. நள்ளிரவில், ஆளணியும் பொருளும் குறைந்த வேளையில், அதுவே கைகொடுக்கும்.

தகப்பனாரின் ஊறிய கதவையும் கைவிடவில்லை. இருபது ஆண்டுக்கு மேலாக, நெருங்கிய உறவினரை வாங்கில் இருத்தி அதனையே சொல்லிவருகிறேன்; சிங்களத்திலும் சொல்லியிருக்கிறேன். தோட்டத்தாருக்கும் கிராமத்தாருக்கும் உடனே விளங்கும். அண்மையிற் கட்டுகஸ்தோட்டைப் பக்கத்துத் தாயொருவரிடம் சொன்னபோது, அவர் சற்றுநேரம் என்னைப் பார்த்திருந்துவிட்டு, "எங்கட வீட்டில அலுமினியக் கதவு, டொக்டர், அது ஊறாது" என்றார். வேறு வழியின்றி என் சப்பாத்தைக் கழற்றிக் காட்டி, வீங்கிய கால் இதற்குள் நுழையுமா என்று கேட்டேன். அவருக்கு அது விளங்கிவிட்டது.